கதவைப் பார்த்துத்தான் பூட்டை வாங்க வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, நானும் அம்மாவும் வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்த அறையின் கதவை நள்ளிரவில் ஒருவர் சாவி போட்டுத் திறந்துவிட்டார். அவரும் எங்களைப் போன்ற பயணிதான். அதே அறையின் சாவி தவறுதலாக அவரிடமும் கொடுக்கப்பட்டிருந்தது. அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சென்றார் என்றாலும், அம்மா விடியும்வரை கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார். அந்தக் கதவின் பூட்டில் எந்தப் பழுதும் இல்லை. ஆனால், உள்ளே தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவின் சாவி இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதை அங்கே தங்குபவர் அறிய வழியே இல்லை. அதற்குப் பிறகு, கையோடு எடுத்துச் செல்லும் பூட்டு இல்லாமல் நான் பயணம் செய்வதில்லை.

இவற்றில் பரவலாகக் கிடைப்பது, இரண்டு துண்டுகளாக வரும் உலோகப் பூட்டு. முதல் துண்டு, நுனியில் வளைந்த பற்களும் நடுவில் துளைகளும் கொண்ட மெல்லிய தகடு. பூட்டின் நாக்கு போய் உட்காருவதற்காகக் கதவு நிலையில் ஒரு குழியும் அதைச் சுற்றி ஓர் உலோகப் பட்டையும் இருக்குமல்லவா, அந்தக் குழியில் பற்களை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும். தகட்டின் மறுமுனை அறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். கதவை ஒட்டியிருக்கும் துளையில் இரண்டாவது துண்டைக் குறுக்காகச் செருகினால் வேலை முடிந்தது. வெளியிலிருந்து தள்ளினால் கதவு குறுக்குத் துண்டின்மேல் அழுந்தும், அது தகட்டை இழுக்கும், பற்கள் நிலையை இன்னும் இறுக்கமாகக் கவ்விக்கொள்ளும். இதில் முழு அழுத்தமும் நிலையிலுள்ள பட்டையின் திருகாணிகள்மேல்தான் விழுகிறது. ஆகவே அந்தப் பட்டை ஆடினாலோ, மரம் உளுத்திருந்தாலோ, பூட்டு எவ்வளவு கனமானதாக இருந்தும் பயனில்லை. நான் அறைக்குள் நுழைந்ததும் முதலில் விரலால் அசைத்துப் பார்ப்பது அந்தப் பட்டையைத்தான்.

இந்தப் பூட்டு, அறைக்குள் திறக்கும் கதவுக்கு மட்டுமே உதவும். சாத்திய கதவின் கீல் முடிச்சுகள் அறைக்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரிந்தால், பெரும்பாலும் அது உள்ளே திறக்கும் கதவு. வெளிப்புறமாகத் திறக்கும் கதவில் குறுக்குத் துண்டு தடுப்பதற்கு எதுவுமே இருக்காது. கதவுக்கும் நிலைக்கும் இடையிலான இடைவெளியையும் கவனிக்க வேண்டும். ஒருமுறை இதைப் பார்க்காமல் இரவு 11 மணிக்குத் தகட்டை மாட்டிக் கதவைச் சாத்த முயன்றேன். நெருக்கமாகப் பொருந்திய கதவு என்பதால் அது மூடவே இல்லை, அழுத்திச் சாத்தியதில் விளிம்பின் வண்ணப்பூச்சுதான் உரிந்தது. மறுநாள் வீட்டுக்காரரிடம் நானே அதைச் சொன்னேன். வாடகை வீட்டில் திருகாணி அடிக்கவோ சுவரைத் துளைக்கவோ தேவையில்லை என்பது இதன் பெரிய வசதி என்றாலும், தடம் பதியாது என்று நம்பிவிடக் கூடாது.

கைப்பிடிக்கு அடியில் முட்டுக்கொடுக்கும் நீளக் கம்பியும் உள்ளே திறக்கும் கதவுக்கே உரியது. தரையில் தூசி இருந்தால் அதன் ரப்பர் பாதம் வழுக்கும் என்பதால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். கதவுக்கு அடியில் செருகும் ரப்பர் ஆப்பில் ஒலியெழுப்பும் வகையும் உண்டு. அது தடுப்பதைவிட எழுப்புவதற்கே நல்லது, அதுவும் மின்கலம் தீராமல் இருந்தால்.

இந்தப் பூட்டுகள் எல்லாமே நாம் உள்ளே இருக்கும்போது மட்டும்தான் காக்கும். வெளியே கிளம்பினால் அறையிலுள்ள பொருளுக்கு இவற்றால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. உள்ளே இருக்கும்போதும் ஓர் ஆபத்து உண்டு: தீப்பிடித்தாலோ, உள்ளிருப்பவர் மயங்கி விழுந்தாலோ, சாவி வைத்திருக்கும் வீட்டுக்காரர்கூட உள்ளே வர முடியாது. அதனால் விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கையால் தடவியே பூட்டைக் கழற்றிப் பழக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அறையில் தங்கும் ஒவ்வொருவரும் அதைச் செய்து பார்க்க வேண்டும்.

அம்மாவை அப்படிச் செய்யச் சொன்னபோதுதான், மூட்டுவலியால் மடங்காத அவருடைய விரல்களுக்கு அந்தக் குறுக்குத் துண்டை உருவ முடியவில்லை என்பது தெரிந்தது. மூன்று முறை முயன்றுவிட்டு, "நீ இருக்கும்போது சரி, நான் மட்டும் இருந்தால் என்ன செய்வது?" என்று கேட்டார். இப்போது அவருடன் போகும்போதெல்லாம், சுமை கூடினாலும், முட்டுக் கம்பியைத்தான் எடுத்துச் செல்கிறேன். அதன் அடிப்பகுதியை அவரால் காலாலேயே நகர்த்திவிட முடிகிறது.