முறையைவிட முந்தைய கேள்வி

மனநல ஆலோசகர் பயிற்சியில் இருக்கிறேன் என்று சொன்னால், இந்தத் துறைக்காரர்கள் அடுத்து கேட்பது, "எந்த முறையில் கவுன்சலிங் செய்கிறீர்கள்?" என்பதுதான். அறிவுரை சொல்வதைவிட, வந்தவரைப் புரிந்துகொண்டு கேட்பதை முன்வைத்த உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் பக்கம் எனக்கு மனசு சாயும். கையில் எடுத்துக்கொள்ளும் கருவிகளில் பல மனநல மருத்துவர் ஆரன் பெக் வழியாக வந்த, எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் சிகிச்சையைச் சேர்ந்தவை. ஆனால் முறை எதுவாக இருந்தாலும், அதற்கு முன்னால் கேட்டுத் தெளிய வேண்டியது ஒன்று உண்டு என்பது நாளாக ஆக எனக்கு உறுதிப்பட்டு வருகிறது. வந்திருப்பவர் எதற்காக வந்திருக்கிறார்? நான் நினைப்பதும் அவர் நினைப்பதும் ஒன்றுதானா?

உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-ல் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: என்ன மாற வேண்டும் என்ற இலக்கு, அதற்காகச் செய்யும் வேலை, இருவருக்கும் இடையே வளரும் பிணைப்பு. பயிற்சி வகுப்புகளில் பிணைப்பைப் பற்றி நிறையப் பேசுகிறோம். குறுக்கிடாமல் கேட்பது, கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது எல்லாம் நன்றாகவே பழகிவிடுகிறது. இலக்குதான் கவனிக்கப்படாமல் போகிறது, அதுவும் தானாக வராமல் அனுப்பி வைக்கப்பட்டவர்களிடம். மகன் கல்லூரிக்குப் போவதில்லை, அறையிலேயே கிடக்கிறான் என்று ஒரு பெற்றோர் அழைத்து வருவதாக வைத்துக்கொள்வோம். அவன் மறுபடி படிக்கப் போக வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அந்த இளைஞரைத் தனியாகக் கேட்டால், "ராத்திரி தூக்கம் வந்தா போதும்" என்கிறார். சரி, அப்படியென்றால் தூக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையிலேயே புரளாமல் எழுந்துவிடுவது என்று சின்னச் சின்ன வேலைகள். படிப்பைப் பற்றி அவரே பேசும் நாள் வரலாம். அந்தப் பேச்சை நான் அவசரப்பட்டு எடுத்தால், பெற்றோர் ஏற்பாடு செய்த இன்னொரு ஆள் என்றுதான் என்னை நினைப்பார்.

பலர் அறிவுரை கேட்டுக் கேட்டுக் களைத்துப் போய்த்தான் வருகிறார்கள். "தைரியமா இரு", "அதையே நினைச்சுட்டு இருக்காதே" என்பதையெல்லாம் வீட்டிலேயே போதுமான அளவு கேட்டிருப்பார்கள். அதையே நானும் இன்னும் மென்மையான குரலில் சொல்வதால் அவருக்கு என்ன பயன்? ராஜர்ஸ் 1957-ல் எழுதிய கட்டுரையில் ஆலோசகரிடம் இருக்க வேண்டியவையாக உண்மைத்தன்மை, நிபந்தனையற்ற ஏற்பு, ஒத்துணர்வு ஆகியவற்றைச் சொல்கிறார். இவற்றை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே கட்டுரையின் கடைசி நிபந்தனை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: அந்த ஏற்பும் ஒத்துணர்வும் ஓரளவுக்காவது எதிரே இருப்பவருக்குப் போய்ச் சேர வேண்டும். நான் புரிந்துகொண்டதாக நினைத்தால் போதாது. அதனால்தான், "நான் சொன்னது சரியா? வேற மாதிரி இருந்தா திருத்துங்க" என்று அடிக்கடி கேட்கிறேன். "இல்ல, கோபம் இல்ல, அவமானம்" என்று ஒருவர் திருத்தும்போது பேச்சு அங்கிருந்து வேறு திசைக்குப் போகிறது.

பெக் வழியில் வந்த எண்ணப் பதிவேட்டையும் (வரும் எண்ணத்தையும் அதற்கான சான்றுகளையும் எழுதிப் பார்க்கும் தாள்) இதே மனநிலையோடுதான் எடுக்கிறேன். பலரிடம் கேட்டவற்றைக் கலந்து ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். நடந்தது: அனுப்பிய அறிக்கைக்கு மேலதிகாரி பதில் போடவில்லை. உடனே வந்த எண்ணம்: "என்னை வேலையிலிருந்து தூக்கப் போகிறார்கள்." நம்பிக்கை 90 சதவீதம், பயம் 80. ஆதரவான சான்று: போன மாதம் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினார். எதிரான சான்று: அவர் எல்லோருக்குமே தாமதமாகத்தான் பதில் போடுவார், நேற்றுகூட எனக்குப் புது வேலை ஒன்று கொடுத்தார். இதையெல்லாம் வந்தவர் தன் கையாலேயே எழுதிய பிறகு நம்பிக்கை 50, பயமும் 50. எனக்கு இந்த 50 போதும். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று தள்ளினால், "கவலைப்படாதே" என்ற பழைய அறிவுரை வேறு வழியாக உள்ளே வந்துவிடும். ஒருவேளை வேலை உண்மையிலேயே ஆட்டம் காண்கிறது என்றால், எண்ணத்தைத் திருத்த அங்கே எதுவும் இல்லை. அடுத்த வேலைக்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பதுதான் அன்றைய சிகிச்சை.

கேட்கத் தயங்கவே கூடாத கேள்வி ஒன்று இருக்கிறது. மனச்சோர்வை அளக்க நாங்கள் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 படிவத்தில் ஒன்பது கேள்விகள், அதிகபட்ச மதிப்பெண் 27. ஒன்பதாவது கேள்வி சாவு பற்றிய, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றிய எண்ணங்களைக் கேட்கிறது. அங்கே பூஜ்யத்தைச் சுழித்திருந்தாலும் மனசில் உறுத்தல் இருந்தால் வாய்விட்டுக் கேட்கிறேன்: "தற்கொலை செய்துக்கணும்னு எண்ணம் வருதா?" சுற்றி வளைக்காமல், அந்தச் சொல்லையே சொல்லி. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "ஆமாம்" என்று பதில் வந்தால், எப்படிச் செய்ய நினைக்கிறார், அதற்கான வழி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, இன்று யார் கூட இருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அன்றைக்கே என் பயிற்சியை மேற்பார்வையிடும் சூப்பர்வைசரிடமும் பேச வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க முடியாது என்பதையும், நான் பயிற்சியில் இருப்பவர் என்பதையும் முதல் அமர்விலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரியவந்தால் அது நம்பிக்கைத் துரோகமாகத்தான் தெரியும்.

அமர்வின் கடைசி ஐந்து நிமிடத்தை அன்றைய அமர்வைப் பற்றிப் பேசவே ஒதுக்குகிறேன். "இன்னைக்கு எப்படி இருந்தது?" என்றால் எல்லோரும் மரியாதைக்கு "நல்லா இருந்தது" என்றுதான் சொல்வார்கள். "அடுத்த தடவை எதை மாத்திக்கலாம்?" என்று கேட்டால் பதில் கிடைக்கிறது. "நீங்க எழுதிக்கிட்டே இருக்கும்போது எனக்குப் பேச வரலை" என்றார் ஒருவர். இப்போது யாரிடமும் அமர்வின் நடுவே குறிப்பு எடுப்பதில்லை. முடிந்த பிறகு எழுதுகிறேன், அதற்காக இரண்டு அமர்வுகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளியும் கேட்டு வாங்கியிருக்கிறேன்.