இரண்டு பீனிக்ஸ்

"பீனிக்ஸுக்குப் போறேன், மூணு வாரம்" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். "அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பெட்டி? டாக்ஸி பிடிச்சா போயிடலாமே" என்றார். தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன்காரர்களுக்குப் பீனிக்ஸ் என்றால் ஒன்றுதான். 1976இல் நிறவெறி அரசு இந்தியருக்கென்று ஒதுக்கிய குடியிருப்பு அது. அதற்குப் பக்கத்தில்தான் 1904இல் காந்தி நூறு ஏக்கர் வாங்கி, பண்ணையும் அச்சகமும் வைத்தார்.

நான் போனது அமெரிக்காவில் அரிசோனாவின் பீனிக்ஸுக்கு. சின்னம்மா மகன் அங்கே பக்கத்து ஊரான டெம்பியில் வேலையாக இருக்கிறான். 2024 ஜூலை, நமக்கு இங்கே குளிர்கால விடுமுறை. அங்கே விமான நிலையக் கதவு திறந்ததும் அடுப்படியில் முகத்தை நீட்டியதுபோல் இருந்தது. அதற்கு முந்தின வருடம் தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 43 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லையாம். "அக்கா, காலையில ஒன்பது மணிக்குள்ள வெளி வேலை, அப்புறம் முழுக்க உள்ளேதான்" என்று தம்பி முதல் நாளே சொல்லிவிட்டான். அப்படித்தான் அந்த மூன்று வாரமும் மியூசியம் மியூசியமாகக் கழிந்தது.

முதலில் போனது விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, பழங்கால ஊர் ஒன்றின் மண்மேட்டில் இருக்கும் ஸஅடவ் வாஅக்கி மியூசியம். 2023 வரை புவெப்லோ கிராண்டே என்று ஸ்பானியப் பெயரில் இருந்ததை, அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஓஒதம் மக்களின் மொழிக்கே மாற்றியிருக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் மேட்டைச் சுற்றி நடந்தோம். தலைக்கு மேல் விமானங்கள் போய்க்கொண்டே இருந்தன. ஓஒதம் மக்களின் முன்னோர் அங்கே மாடு இல்லாமல், இரும்பு இல்லாமல், மரக்கோலாலும் கல்லாலும் தோண்டிய வாய்க்கால்கள் நூற்றுக்கணக்கான மைல் ஓடியிருக்கின்றன. சோளமும் பருத்தியும் விளைத்திருக்கிறார்கள். 1860களில் வந்து குடியேறிய வெள்ளையர்கள் அந்தப் பழைய தடங்களைத் தூர்வாரித் தண்ணீர் விட்டார்கள். அழிந்த ஊரின் மேல் எழும்பும் ஊர் என்பதால்தான் இதற்குப் பீனிக்ஸ் என்று பெயர். நம்ம பீனிக்ஸும் எரிந்து எழுந்ததுதான். 1985 கலவரத்தில் காந்தியின் வீடு நாசமாகி, திரும்பக் கட்டி 2000இல் திறந்தார்கள்.

அடுத்தது இசைக்கருவி மியூசியம். 2010இல் திறந்தது, இருநூறு நாடுகளுக்கு மேல் கருவிகள். காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி தருகிறார்கள். எந்தத் திரைக்கு முன்னால் போய் நிற்கிறோமோ அந்த நாட்டுப் பாட்டு தானாகக் காதில் வரும், நகர்ந்தால் அடுத்த நாடு. ஒரு நாள் போதாது, காலையிலேயே போய்விடுங்கள். 12 அடிக்கு மேல் உயரமுள்ள ஆக்டோபாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் ஒன்று உண்டு, ஆள் பலகைமேல் ஏறி நின்று வாசிக்க வேண்டியது. தம்பி மகளுக்கு ஒன்பது வயது. எல்லாவற்றையும் தொட்டு வாசிக்க விடும் அறையில் அவள் அடித்த காங் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பீனிக்ஸ் ஆர்ட் மியூசியத்தில் ஜப்பானியக் கலைஞர் யயோய் குசாமாவின் மின்மினி அறைக்காகவே போகலாம். சுற்றிலும் கண்ணாடி, கும்மிருட்டு, நூல்நூலாகத் தொங்கும் குட்டி விளக்குகள். சுவர் எங்கே முடிகிறது என்று தெரியாமல் கையை நீட்டிக்கொண்டு நடக்க வேண்டும். குட்டி என் முந்தானையைப் பிடித்தவள் வெளியே வரும்வரை விடவில்லை. பக்கத்து ஸ்காட்ஸ்டேலில் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1937இல் கட்டத் தொடங்கிய டாலியசின் வெஸ்டும் பார்த்தோம். பாலைவனத்துக் கல்லையே சிமெண்டில் பதித்த சுவர்கள் அழகுதான். ஆனால் என் மனசு அதற்கு முந்தின நாள் பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அது அமெரிக்கப் பூர்வகுடிகளின் கலைக்கான ஹேர்ட் மியூசியம். ஆர்ட் மியூசியத்திலிருந்து அதே சென்ட்ரல் அவென்யூவில் கொஞ்ச தூரம் வடக்கே. 1929இல் திறந்தது. நம்ம டர்பன் சாஸ்திரி கல்லூரி திறந்த வருடமும் அதுதான் என்பது வாசலில் ஆண்டைப் பார்த்ததுமே நினைவுக்கு வந்தது. உள்ளே ஹோப்பி என்ற பூர்வகுடி மக்களின் கச்சினா பொம்மைகள், அவர்கள் வணங்கும் ஆவிகளின் உருவங்கள், வரிசை வரிசையாக. பேரி கோல்ட்வாட்டர் என்ற செனட்டர் மட்டும் 1964இல் 437 பொம்மை கொடுத்திருக்கிறார். காட்டன்வுட் மரத்தின் வேரில் செதுக்கி, சாயம் பூசி, இறகு செருகியவை. பெண் குழந்தைகள் கையில் கொடுப்பார்களாம். எங்கள் ஆயா வைத்திருந்த மரப்பாச்சி, மூக்கு தேய்ந்து போனது, அது ஞாபகம் வந்தது.

அப்புறம் உறைவிடப் பள்ளிகள் பற்றிய பகுதி. உள்ளே ஒரு நாவிதர் நாற்காலி. பழைய இரும்பும் தோலும். கீழே தரையில் வெட்டிப்போட்ட நீளக் கருங்கூந்தல். அரசாங்கம் பூர்வகுடிப் பிள்ளைகளை, அங்கே 'இந்தியன்' என்று அழைக்கப்பட்டவர்களை, பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முதல் வேலையாக முடியை வெட்டி, சீருடை மாட்டி, வீட்டு மொழி பேசினால் தண்டித்திருக்கிறது. அந்த ஊரிலேயே அப்படி ஒரு பள்ளி 1891இல் தொடங்கி 1990 வரை நடந்தது. 1990 வரை! அந்த வருடம் எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி இருந்த இடம் இன்று பூங்கா. முன்னால் ஓடும் சாலைக்கு இன்னும் இந்தியன் ஸ்கூல் ரோடு என்றுதான் பெயர்.

வந்த அன்றே அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து, "இங்கேயும் நம்மாளுங்க பள்ளிக்கூடம் கட்டினாங்களா?" என்று தம்பியிடம் சந்தோஷமாகக் கேட்டிருந்தேன். டர்பன் இருக்கும் நேட்டாலில் இந்தியப் பள்ளி என்றால் நமக்கு அதுதானே அர்த்தம். அரசு நம் பிள்ளைகளைக் கண்டுகொள்ளாத காலத்தில் கரும்புக்கூலியும் தோட்டக்காரரும் காசு சேர்த்து, செங்கல் சுமந்து கட்டியவை. நாம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கத் தவித்தோம், அவர்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து மீட்கத் தவித்தார்கள்.

எங்கள் மொழியை யாரும் அடித்துப் பிடுங்கவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆனால் நாமே கட்டிய பள்ளிகளில் பாடம் ஆங்கிலத்தில்தான். தமிழுக்குச் சாயங்காலக் கோயில் கொட்டகை. அப்பா அங்கேதான் எங்களுக்கு அ, ஆ போட்டுக் காட்டினார். அந்த வகுப்பில் முப்பது பேர் இருந்தோம். இன்று நான் எடுக்கும் சனிக்கிழமை வகுப்பில் பதினொரு பேர்.

குட்டி நாற்காலியை விட்டு வரவே இல்லை. "அத்தை, அவங்க பாஷையில முடிக்கு என்ன சொல்வாங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எந்த மக்களின் பாஷை என்று கேட்க வேண்டும், அவர்கள் ஒரு மொழிக்காரர்கள் இல்லை என்று சொன்னேன். "நம்ம பாஷையில?" என்றாள். முடி, கூந்தல், சடை, குடுமி. வீடு வரும்வரை காரில் சொல்லிக்கொண்டே வந்தாள். கூந்தல் மட்டும் அவளுக்குக் 'கூண்டல்' என்றே வந்தது.

தங்கள் ஊர் செய்த தவறை அதே ஊரில், டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் முன்னால் இப்படி வைத்திருக்கிறார்களே என்பதை நான் மதிக்கிறேன். நமக்கும் டர்பனில் டெர்பி தெருவில் 1860 பாரம்பரிய மையம் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ 1860 நவம்பர் 16இல் 342 பேரோடு மதராஸிலிருந்து வந்து சேர்ந்தது. அதன்பின் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு எண். நம்மில் எத்தனை பேர் அந்த மையத்தின் படியேறியிருக்கிறோம்? நானே ஊர் திரும்பின பிறகுதான் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போனேன்.

அடுத்த மாதம் நம்ம பீனிக்ஸுக்குப் போகிறோம். வேன் சொல்லியாகிவிட்டது. காந்தியின் அச்சகத்திலிருந்து வந்த 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை தொடக்க வருடங்களில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழியில் வந்தது. அதன் தமிழ்ப் பக்கம் ஒன்றை ஆளுக்கொன்றாகப் பதினொரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். போகும் வழியிலேயே, கொம்பு வளைத்துத் தும்பிக்கை தூக்கி நிற்கும் அந்தப் பழைய 'லை'யையும் 'னை'யையும் எப்படி வாசிப்பது என்று முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.