சித்தம்பூண்டிக் கல்லும் நானும்

எம்.எஸ்சி. ஜியாலஜி சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "ஜாக்ரஃபியா?" இல்லை, பாறைகளைப் பற்றிய படிப்பு என்பேன். ஆனால் பாறையைப் படிப்பது என்றால் என்னவென்று எனக்குப் பிடிபட்டது இரண்டாம் ஆண்டு புராஜெக்டில்தான்.

என் கல் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் எடுத்தது. அனார்த்தோசைட். வெள்ளைக் கல், நடுநடுவே கரும்பச்சை வரிகள். வயது சுமார் 250 கோடி ஆண்டு. நிலாவில் வெளிர் நிறமாகத் தெரிகிற மேட்டுநிலம் பெரும்பாலும் இந்தப் பாறைதான். நிலா உருவான புதிதில் மேலே பாறைக்குழம்புக் கடல் இருந்தது, அதில் எடை குறைந்த பிளேஜியோகிளேஸ் என்ற வெளிர் நிறக் கனிமத்தின் படிகங்கள் மிதந்து வந்து மேலோடாக இறுகின என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். சந்திரயான்-2 லேண்டரைச் சோதிக்க நிலா மண் மாதிரி தேவைப்பட்டபோது, இஸ்ரோ இந்தப் பக்கத்துக் கல்லைத்தான் பொடியாக்கிப் பயன்படுத்தியது.

ஃபீல்டு வேலை இரண்டே நாளில் முடிந்தது. பிரன்டன் காம்பஸில் ஸ்ட்ரைக், டிப் (பாறைப் படலம் போகிற திசையும் சாய்கிற கோணமும்) எடுத்தேன். வெயில்பட்டு மங்கிய மேல்தோலைச் சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டு, உள்ளே இருந்த புதுக்கல்லுக்கு எண் எழுதிப் பையில் போட்டேன்.

உண்மையான வேலை தின் செக்‌ஷனில். அதாவது, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காக மெலிதாகத் தேய்த்த கல் சில். கல்லை 0.03 மில்லிமீட்டருக்குத் தேய்த்தால்தான் ஒளி ஊடுருவும். வெட்டிய சில்லின் ஒரு பக்கத்தைக் கண்ணாடித் தட்டில் கார்போரண்டம் பவுடரும் தண்ணீரும் விட்டு எட்டு எட்டாகத் தேய்க்க வேண்டும். அப்புறம் குமிழி வராமல் ஸ்லைடில் ஒட்டி, மறுபக்கத்தைத் தேய்க்க வேண்டும். முதல் ஸ்லைடில் கடைசிக் கட்டத்திலும் கரடுமுரடான பவுடரையே போட்டேன். ஐந்து நிமிஷத்தில் கல் கரைந்து வெறும் கண்ணாடி மிஞ்சியது. இரண்டாவதில் ஒரு ஓரம் போனது. மூன்றாவதைப் பத்து இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். கிராஸ்டு நிக்கலில் (ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலரைசர்களுக்கு நடுவே) நீலமும் ஆரஞ்சுமாக இருந்த பிளேஜியோகிளேஸ், கல் மெலிய மெலிய வெளிர் மஞ்சளுக்கும் சாம்பலுக்கும் இறங்கியது. சரி, போதும் என்று கையை எடுத்தேன். சேலை பார்டர்போலக் கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாக நின்றன படிகங்கள். விரல் நுனிகள் எரிந்துகொண்டிருந்தன. அன்று ராத்திரி ரசம் சாதத்தை ஸ்பூனால்தான் சாப்பிட்டேன்.

இப்போது பலரும் ஸ்லைடை வெளியே கொடுத்துச் செய்து வாங்கிவிடுகிறார்கள். நேரமில்லை, புரிகிறது. ஆனாலும் ஒன்றையாவது சொந்தக் கையால் தேய்த்துப் பாருங்கள் என்று ஜூனியர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். தேய்த்த கல்லைப் பார்க்கும்போது கண் அவசரப்படாது.

அந்த மூன்றாவது ஸ்லைடில்தான் ஹார்ன்பிளெண்ட் என்ற கரும்பச்சைக் கனிமத்தைக் கவனித்தேன். ஸ்லைடு உட்கார்ந்திருக்கும் வட்டத் தட்டை, அதாவது ஸ்டேஜை, திருப்பத் திருப்ப வெளிர்பச்சை அடர்பச்சையாகி, மறுபடி வெளுத்தது. ஹார்ன்பிளெண்டின் படிகக் கட்டமைப்பிலேயே நீரின் கூறு உண்டு. வறண்ட நிலாவின் அனார்த்தோசைட்டில் அது இப்படி விரவிக் கிடப்பதில்லை. பெயர் ஒன்றுதான், ஆனால் சித்தம்பூண்டிக் கல் தண்ணீரோடு பழகிய கல்.

வைவாவில், "நிலாக் கல்லுக்கும் இதுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்று வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கேட்டார். ஸ்லைடை வைத்து ஃபோகஸ் செய்து, "ஸ்டேஜைத் திருப்பிப் பாருங்க சார்" என்றேன். குனிந்தவர் இரண்டு சுற்று திருப்பினார். அப்புறம் மூன்றாவது சுற்றும்.