பூட்டுப் போட்ட ஃப்ளாப்பிப் பெட்டி

கம்ப்யூட்டர் அறை வாசலில் வரிசையாகச் செருப்புகள். உள்ளே ஏசி குளிர், சன்னலுக்குக் கனத்த திரை, சார் மேசை மேல் சின்னச் சாவி போட்ட பழுப்பு மூடிப் பெட்டி. அதற்குள் 5.25 அங்குல ஃப்ளாப்பிகள், இரண்டு பேருக்கு ஒன்று. நம் பள்ளியில் அந்த ஆண்டுகளில் படித்த யாருக்கும் இது மறந்திருக்காது. கணினிகள் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. ஃப்ளாப்பிகள் இன்னும் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலும் லாசுப்பேட்டையிலும் நம் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அவற்றில் உள்ள பேசிக், பாஸ்கல் நிரல்களும், வேர்ட்ஸ்டாரில் அடித்த ஆண்டுவிழா அழைப்பிதழும் இன்றைய மடிக்கணினியிலேயே எமுலேட்டர் வழியாக, அதாவது பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள் வழியாக, ஓடும். அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் செய்து பார்க்கவே இதை எழுதுகிறேன்.

முதல் எதிரி பூஞ்சை. கடலோர ஈரக்காற்றில் பல ஆண்டு கிடந்த தட்டை எடுத்தவுடன் டிரைவில் செருகக் கூடாது. நடு ஓட்டையில் விரல் விட்டு மெல்லச் சுற்றி, உறையின் நீள்துளை வழியே பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ மங்கலான திட்டோ தெரிந்தால் அது பூஞ்சை. அப்படியே ஓட்டினால் டிரைவின் படிக்கும் முனையான ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அந்தத் தட்டை வட்டமாகச் சுரண்டிவிடும். அடுத்துப் போடும் நல்ல தட்டும் கெடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் உதிராத துணியால் அந்தத் துளை வழியே இரு பக்கமும் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே போடவேண்டும். ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் ஹெட்டையும் துடையுங்கள்.

தட்டில் தவறிக்கூட எதுவும் எழுதப்படாமல் காக்கும் எழுத்துத் தடையையும் முதலிலேயே போட்டுவிடுங்கள். 5.25 அங்குலத்தில் ஓரத்து வெட்டை மூடவேண்டும், 3.5 அங்குலத்தில் மூலைச் சன்னலைத் திறக்கவேண்டும், இரண்டும் எதிரெதிர். ஒளியால் உணரும் டிரைவ்களும் உண்டு, ஆகவே கண்ணாடி டேப் உதவாது. ஒளி புகாத ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

கடையில் கிடைக்கும் யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் 3.5 அங்குலத்துக்கு மட்டும்தான். 5.25 அங்குலத்துக்கு ஒரு பழைய டிரைவும், அதை 34 முனை ரிப்பன் கேபிளில் இணைக்கும் கிரீஸ்வீசல் என்ற சிறு பலகையும், 5 வோல்ட், 12 வோல்ட் தரும் பவர் சப்ளையும் வேண்டும். பின்னால் வந்த 1.2 எம்பி 5.25 அங்குல டிரைவில் நம் 360 கேபி தட்டைப் படிக்கலாம், எழுதக் கூடாது. அதன் ஹெட் ஒடுக்கமானது. எழுதினால் பழைய தடத்தின் ஓரங்கள் அழியாமல் நிற்கும், பிறகு 360 கேபி டிரைவ் அதைப் படிக்கத் திணறும். கோப்புகளைத் தனித்தனியாக நகலெடுப்பதைவிட முழுத் தட்டையும் ஒரே இமேஜாக, அதாவது தட்டின் அச்சு நகலான ஒரே கோப்பாக, எடுப்பதே சரி. 360 கேபி தட்டின் இமேஜ் சரியாக 3,68,640 பைட், 1.44 எம்பி தட்டினது 14,74,560 பைட். ஒரு பைட் குறைந்தாலும் முழுதாகப் படிக்கவில்லை என்று பொருள்.

ஓட்டுவதற்கு டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டர் போதும். அந்தக் கணினிகளின் இயங்குதளமான டாஸ் அதற்குள்ளேயே இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் தட்டு எதையும் தேடவேண்டாம். அதில் தடுக்கும் இடம் வேகம்தான். எக்ஸ்டி என்ற பழைய 4.77 மெகாஹெர்ட்ஸ் கணினியில் ஒரு வினாடி நிற்பதற்காக வெறும் ஃபார்-நெக்ஸ்ட் சுற்று போட்டிருப்போம். வேகம் கூடினால் அது சீக்கிரமே முடிந்துவிடும். டாஸ்பாக்ஸ் வேகத்தைச் சைக்கிளில் அளக்கும், இயல்பாக 3000 சைக்கிளில் தொடங்கும். எக்ஸ்டிக்குச் சுமார் 300 போதும். கண்ட்ரோலும் எஃப் 11-உம் அழுத்தினால் குறையும், எஃப் 12-உடன் ஏறும்.

டர்போ பாஸ்கல் 7-இல், திரையைக் கையாளும் சிஆர்டி யூனிட் சேர்த்த நிரல் என்றால் வேகமான கணினியில் திறந்ததுமே ‘ரன்டைம் எரர் 200’ என்று நின்றுவிடும். பூச்சியத்தால் வகுத்ததாகச் சொல்லும், ஆனால் நம் நிரலில் வகுத்தலே இருக்காது. நம் முதல் வரிக்கு முன்பே அந்த யூனிட் ஒரு கடிகாரத் துடிப்புக்குள், அதாவது சுமார் 55 மில்லி வினாடியில், ஒரு சுற்று எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி அதை 55-ஆல் வகுக்கிறது. எண்ணிக்கை 36 லட்சத்தைத் தாண்டினால் விடை 16 பிட்டுக்குள் அடங்காது. செயலி வகுத்தல் பிழை எழுப்புகிறது. நிரலைத் தொடவே வேண்டாம். சைக்கிளைக் குறைத்தால் ஓடும்.

விண்டோஸ் 3.1, 95 போன்றவற்றை முழுதாக நிறுவிப் பார்க்க 86பாக்ஸ் என்ற எமுலேட்டர் நல்லது. பழைய கணினியின் தொடக்க நிரல் அடங்கிய ரோம் கோப்புகளைத் தனியாக இறக்கிச் சேர்க்கவேண்டும். 486, 16 எம்பி நினைவகம், 504 எம்பிக்குள் ஹார்ட் டிஸ்க் என்று வைத்தால் தொல்லையில்லை.

பிரான்சில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அங்குள்ள கீபோர்டில் ஏ அழுத்தினால் டாஸில் கியூ விழும், இசட் அழுத்தினால் டபிள்யூ விழும். டாஸ் அமெரிக்க வரிசையை எதிர்பார்ப்பதே காரணம். கீப் (KEYB) என்ற கட்டளையுடன் எஃப்ஆர் (FR) சேர்த்துக் கொடுத்தால் சரியாகும். அதை அடிப்பதற்கே முக்கால் புள்ளியும் (:) பின்சாய்கோடும் (\) வேண்டியிருந்தால், ஷிஃப்டுடன் எம் அழுத்துங்கள், முக்கால் புள்ளி வரும்; நட்சத்திரக் குறி விசையில் பின்சாய்கோடு வரும்.

படித்து எடுத்த கோப்புகளிலும் இதே மாதிரி சில குழப்பங்கள். வேர்ட்ஸ்டார் கோப்பை நோட்பேடில் திறந்தால் சொல்லுக்குச் சொல் கடைசி எழுத்து மட்டும் கிறுக்கலாகத் தெரியும். வரியைச் சீராக்க அது கடைசி எழுத்தின் எட்டாவது பிட்டை ஏற்றி வைத்திருக்கும்; அதை இறக்கினால் ஆங்கிலம் முழுதாகத் திரும்பிவரும். சாதாரண டாஸ் உரைக்கோப்பில் இருக்கும் பிரெஞ்சுப் பெயர்கள் வேறு கதை. ஆக்சான் எகூ போட்ட ‘எ’ (é) டாஸில் 130-ஆம் எண். விண்டோஸ் அதே எண்ணுக்கு ஒரு கீழ்மேற்கோளைக் காட்டும். கோப்பின் எழுத்து அட்டவணை கோட் பேஜ் 850 என்று சொல்லி யூனிகோடுக்கு மாற்றுங்கள். ‘எ’ தானாக எழுந்துவிடும்.

ஒரே தட்டை இரண்டு முறை படித்து, இரண்டு இமேஜும் பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகும் வரை எந்த ஃப்ளாப்பியையும் குப்பையில் போடாதீர்கள். லேபிளையும் படம் எடுத்து இமேஜுடன் வையுங்கள். யார் கையெழுத்து என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கும்.