குழுமத்தின் கைக்குப் போகும் பண்ணை

பெருநிறுவனக் குழுமம் ஒன்று வாங்கிவிட்டாலே பண்ணையின் திறன் உயர்ந்துவிடும் என்ற வாதத்தை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு, ரஷ்யாவிலும் உக்ரைனிலும் நொடித்துப்போன கூட்டுப் பண்ணைகள் பலவற்றை இத்தகைய குழுமங்கள் எடுத்துக்கொண்டபோது முதலீடும் புதிய அறுவடை இயந்திரங்களும் வந்தன என்பது உண்மைதான். ஆனால் டீசல் வாங்கத் தலைமை அலுவலகத்தின் ஒப்புதல் வருவதற்குள் முற்றிய கோதுமை மணிகள் உதிரத் தொடங்கிவிடும். கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு: குழுமத்தின் உர நிறுவனம் கூடுதல் விலைக்கு விற்று, அதன் மாவு ஆலை தானியத்தை மலிவாக எடுத்துக்கொண்டால், அமோகமாக விளைந்த பண்ணையும் ஏட்டில் நட்டத்தில்தான் நிற்கும் (வரித்துறையினருக்கு இது புதிதல்ல). இலாபத்தை விட்டுவிட்டு, எத்தனை டன் விளைந்தது, அதற்கு எவ்வளவு உரமும் உழைப்பும் செலவாயின என்று பார்ப்பதே இங்கு முறையான ஒப்பீடு.