2024-இன் ஜப்பான்

இன்று காலை விமானம் தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே பலர் எழுந்து பெட்டிகளை இறக்கத் தொடங்கியதைக் கண்டதும், 2024 ஜனவரி 2 அன்று தோக்கியோவின் ஹனேதா விமான நிலையத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது.

ஓடுபாதையில் கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பற்றிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் அறிவிப்புக் கருவி செயலிழந்துவிட, பணியாளர்கள் உரக்கக் கூவி வழிகாட்டி 379 பேரையும் உயிரோடு வெளியேற்றினார்கள்.

உலகமே வியந்தது, நானும் வியந்தேன்.

ஆனால் அந்தச் சிறிய விமானத்தின் ஆறு பேரில் ஐவர் இறந்ததை நாம் போதிய அளவு பேசவில்லை. முந்தைய நாள், புத்தாண்டு மாலையில், நோட்டோ தீபகற்பத்தை 7.6 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியிருந்தது. அங்குள்ளவர்களுக்கான நிவாரணப் பொருள்களுடன் புறப்படவிருந்தவர்கள் அவர்கள்.

செப்டம்பரில் அதே நோட்டோவில் பெருமழை. நிலநடுக்கத்தில் வீடிழந்தோரின் தற்காலிகக் குடியிருப்புகளிலும் வெள்ளம் புகுந்தது. ஓராண்டுக்குள் இருமுறை எல்லாவற்றையும் இழப்பது எத்தகைய கொடுமை!

அக்டோபரில், அணுகுண்டுகளிலிருந்து உயிர் பிழைத்தவர்களின் அமைப்பான நிஹோன் ஹிடான்கியோவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. எப்போதோ வந்திருக்க வேண்டிய பரிசு அது. டிசம்பரில் ஆஸ்லோவில் ஏற்புரை நிகழ்த்திய தெருமி தனகாவுக்கு வயது 92. நாகசாகியில் குண்டு விழுந்தபோது அவர் 13 வயதுச் சிறுவன்.