தேத்தண்ணி குடித்துவிட்டுச் சீனி பார்க்கப் போகாதீர்கள்

தேயிலைத் தோட்டத்தில் தலை சுற்றினால் டவுனில் இருக்கும் தனியார் டிஸ்பென்சரிக்குத்தான் ஓடுகிறோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் காலையிலேயே நம்பர் எடுத்து உட்கார்ந்தால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும்; டிஸ்பென்சரிக்கு வேலை விட்டு அந்திக்குப் போகலாம். நியாயம்தான். ஆனால் நோய் முற்றும் முன்னே பிடிக்கிற வேலையை அரசாங்கப் பக்கம்தான் செய்கிறது, அதுவும் காசில்லாமல். 35 வயது தாண்டியவர்களுக்கு ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் ப்ரெஷர், சீனி, எடை பார்க்கிறார்கள். 35, 45 வயதுப் பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை உண்டு. எந்த நாள் என்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டுவிட்டு லீவு சொல்லுங்கள்.

சீனி பார்க்க 8 மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். விடியற்காலையில் ஒரு கோப்பை இனிப்புத் தேத்தண்ணி போனாலே கணக்குப் பிழைத்துவிடும். சீனி அளவு (mg/dL) 100 முதல் 125 வரை என்றால் எச்சரிக்கை. 126, அதற்கு மேல் என்றால் இன்னொரு நாள் திரும்பப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ப்ரெஷருக்கு, ஏற்றம் ஏறி வந்த மூச்சோடு கையை நீட்டாதீர்கள். மூத்திரம் போய்விட்டு, 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் இருங்கள். 140/90 தாண்டினாலும் ஒரே நாளில் முடிவு கட்டமாட்டார்கள்.

கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்துக்கும் மாறி மாறிப் போகும்போதுதான். கிளினிக்கில் ப்ரெஷருக்கு லொசார்டன் குளிசை தந்திருப்பார்கள். வெளியே அதே மருந்து வேறு கம்பனிப் பெயரில் கிடைக்கும். இரண்டையும் போட்டால் ப்ரெஷர் இறங்கி, சரிவில் கொழுந்துக் கூடையோடு தலை கிறுகிறுக்கும். முழங்கால் வலிக்கு அடிக்கடி போடும் டைக்ளோஃபெனாக் ஊசி அதைவிட மோசம்: ப்ரெஷரை ஏற்றும், லொசார்டனோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். "ஊசி போட்டால்தான் வைத்தியம்" என்ற நம்பிக்கையை டிஸ்பென்சரிகளும் வளர்த்துத்தான் வைத்திருக்கின்றன.

ப்ரெஷர் நார்மல் என்றதும் குளிசையை நிறுத்துகிறவர்களும் நிறைய. நார்மலாக வைத்திருப்பதே அந்தக் குளிசைதான்.

வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் வாயைக் கண்ணாடியில் பாருங்கள். வெள்ளை, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்காமை: இதில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக்குக்குப் போங்கள்.

ஆஸ்பத்திரியில் மருந்து இல்லையென்று வெளியே எழுதினால், மருந்தின் பொதுப் பெயரை எழுதச் சொல்லுங்கள்; அரசாங்க மருந்துக்கடையான ஒசுசலவில் விலை கேட்டுப் பாருங்கள். எங்கே போனாலும் கிளினிக் கொப்பியும் பழைய குளிசை அட்டையும் பையில் இருக்கட்டும்.